பத்தாம் சுற்றிலும் குத்தின் கனம் குறையாதிருக்க

1952-இல் குத்துச்சண்டை மேடையில் ஜெர்சி ஜோ வால்காட்டிடம் புள்ளிகளில் பின்தங்கியிருந்த ராக்கி மார்சியானோ, 13ஆம் சுற்றில் ஒரே வலக்கைக் குத்தில் அவரை வீழ்த்தினார். 1994-இல் 45 வயது ஜார்ஜ் ஃபோர்மன், மைக்கேல் மூரரை 10ஆம் சுற்றில் சாய்த்தார். தாராவியில் மாலைப் பயிற்சிக்கு வரும் நம் பிள்ளைகள் இதைப் பிறவிப் பலம் என்றே எண்ணுகிறார்கள். என் கணிப்பில், பாதிக்கு மேல் பலத்தைச் செலவிடும் சிக்கனம்தான்.

முதலில் தோள்களைத் தளர்த்துங்கள். முஷ்டியை எந்நேரமும் இறுக்கிக்கொண்டிருந்தால் நான்காம் சுற்றுக்குள் கை கனத்துவிடும். ஆகவே குத்து பயிற்சிப் பையில் படும் கணத்தில் மட்டும் இறுக்கி, மூச்சை வெடுக்கென வெளியேற்றுங்கள். காற்றில் போகும் குத்துதான் மிகவும் களைக்கவைக்கும்.

களைத்தவர் கையால் மட்டுமே குத்துவார். ஆகையால், வலக்கைக் குத்தின்போது பின்காலின் குதிகால் வெளிப்புறம் திரும்பி இடுப்பும் சுழல்கிறதா என்று நண்பரைக் கவனிக்கச் சொல்லுங்கள். 3 நிமிடச் சுற்று, 1 நிமிட ஓய்வு என்ற கணக்கில் பையைக் குத்தி, ஒவ்வொரு சுற்றின் கடைசி 30 விநாடிகளை முழு வேகத்துக்கு ஒதுக்குங்கள். மும்பைப் புழுக்கத்தில் தகரக் கூரையின் கீழ் பழகுவோர் இடையிடையே தண்ணீர் குடிக்க மறக்கக் கூடாது.

போட்டியில் தொடக்கச் சுற்றுகளை எதிராளியின் விலாவுக்குச் செலவிடுங்கள். விலாவைக் காக்க அவர் முழங்கை தாழத் தாழ, தாடை காப்பின்றி நிற்கும்.