பார்க்குல இருக்குற போர் நினைவுக்கல்லை சேதமில்லாம கழுவுறது எப்படி

முதல்ல அந்தக் கல்லு யார் பொறுப்புல இருக்குன்னு விசாரிச்சு அனுமதி வாங்கிடுங்க, அப்புறம் எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்க, பேரெல்லாம் தெளிவா விழணும். எழுத்து தேஞ்சிருந்தா டார்ச்சை கல்லை ஒட்டி சைடுல இருந்து அடிங்க, நிழல் விழுந்து படிக்க வந்துரும்.

ஆசிட், பிளீச், வினிகர் வேண்டவே வேண்டாம். மார்பிளையும் சுண்ணாம்புக்கல்லையும் ஆசிட் கரைச்சிரும், பிளீச் விட்டுட்டுப் போற உப்பு கல்லுக்குள்ள இறங்கி படிகமாகி மேற்பரப்பை செதில் செதிலா உரிச்சிரும், இது உடனே தெரியாது, தெரியுறப்போ போன பேரு போனதுதான், ஒரு குடும்பத்துக்கு அந்த ஒரு வரிதான் மிச்சம் இருக்கலாம். கம்பி பிரஷ், பிரஷர் வாஷரும் கூடாது.

வெறும் தண்ணியும் மெத்துன்னு இருக்குற நைலான் பிரஷ்ஷும் போதும். கல்லை நல்லா நனைச்சுட்டு கீழ இருந்து மேல தேய்ங்க, மேல இருந்து ஆரம்பிச்சா அழுக்குத் தண்ணி காஞ்ச கல்லுல வழிஞ்சு கறையாயிரும். அலசிட்டே இருங்க. கல்லு பொடியா உதிர்ந்தா அங்கயே நிறுத்திட்டு விவரம் தெரிஞ்சவங்களைக் கூப்பிடுங்க.

வெண்கலத் தகட்டுல அழுத்தமா ஒட்டியிருக்குற பச்சைப் படலத்தை பாலிஷ் போட்டு எடுக்காதீங்க, அதான் உலோகத்துக்குக் காப்பு. வாடின மலர்வளையத்தையும் அப்பப்போ எடுத்துடுங்க, உள்ள இருக்குற இரும்புக்கம்பி துருப்பிடிச்சா கறை கல்லுல ஊறிடும்.