கொல்லையில் எதைப் போடலாம், பக்கத்து வயலில் எதை வாங்கலாம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தை மாதத்தில் கொடி அவரை விதைத்தால் நன்றாகத்தான் முளைக்கும். பங்குனிக்குள் பந்தலை மூடிவிடும். இலை கரும்பச்சையாக, உள்ளங்கை அகலத்துக்கு விரியும். பூ மட்டும் வராது. புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊருக்குத் திரும்பி வந்த முதல் வருஷம் எங்கள் கொல்லையில் இதுதான் நடந்தது. சத்துப் போதவில்லை என்று நினைத்து எருவை அள்ளிப் போட்டேன். கொடி இன்னும் கொழுத்தது. அப்பத்தா வந்து பார்த்துவிட்டு, "அது பனிக்குத்தான்யா பூக்கும், தையில போட்டா என்ன செய்யும்?" என்றார்.

நாட்டுக் கொடி அவரைக்குப் பகல் குறைந்து இரவு நீள வேண்டும், அப்போதுதான் பூவெடுக்கும். ஆடியில் போட்டால் மழைக்காலத்தில் படர்ந்து, பனி இறங்கும் நேரத்தில் பூத்து, மார்கழியிலும் தையிலும் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். பொங்கல் குழம்பில் அவரைக்காய் தவறாமல் இருப்பதற்குக் காரணமே அதுதான். செடி அவரை ரகங்களுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது, எந்தப் பட்டத்திலும் காய்க்கும். கடையில் "அவரை விதை" என்று மட்டும் கேட்டு வாங்கி வந்தால் கையில் இருப்பது கொடியா செடியா என்பதே தெரியாது. கேட்டு வாங்குங்கள்.

வீட்டுக்குத் தேவையானதை நாமே விளைவிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் செய்யும் தவறுகளில் முதலில் வருவது இதுதான். விதை கையில் கிடைத்த நாளில் விதைப்பது. ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொன்னவர்கள் மழையைக் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். நம் பக்கம் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும். அந்த நேரத்தில் தக்காளி நாற்று விட்டால் தண்டு அடியில் நூல் போல் மெலிந்து சாய்ந்துவிடும். ஆடியில் விட்ட கத்தரி, மிளகாய் நாற்று என்றால் மழை வருவதற்குள் வேர் பிடித்து நின்றுவிடும். மண்ணைப் பார்ப்பதற்கு முன் மாதத்தைப் பாருங்கள்.

அடுத்தது, எல்லாவற்றையும் ஒரே நாளில் போடுவது. ஒரு பாக்கெட் சிறுகீரை விதையை ஒரே பாத்தியில் தூவினால் இருபத்தைந்து நாளில் மொத்தமும் தயாராகும். ஒரு வாரத்தில் முற்றும், அப்புறம் ஒரு மாதம் கீரையே இருக்காது. பாத்தியை நான்காகப் பிரித்து வாரம் ஒரு பங்கு தூவினால் வாரா வாரம் கீரை. கூடவே அரைக்கீரை ஒரு பாத்தி இருக்கட்டும். சிறுகீரையைப் போல் வேரோடு பிடுங்க வேண்டியதில்லை, கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். நான்கு பேர் உள்ள வீட்டுக்குக் கத்தரிச் செடி பத்து போதும், மிளகாய் பத்து, வெண்டை முப்பது, பந்தலில் இரண்டு கொடி, வேலியோரம் ஒரு முருங்கை. இரண்டு மூன்று சென்ட் இடத்தை தினமும் காலையில் அரை மணி நேரம் பார்த்துக்கொள்ள முடிந்தால் அது ஒரு குடும்பத்தின் காய்கறித் தேவையில் பெரும்பங்கைத் தாங்கும். அரை ஏக்கரில் ஆரம்பித்து ஆள் கிடைக்காமல் களையில் விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மனசு கஷ்டமாக இருக்கும்.

எருவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பச்சைச் சாணத்தை அப்படியே செடியடியில் போடுவது பழக்கமாகிவிட்டது. மட்காத சாணம் மண்ணுக்குள் சூடேறும், வேர் கருகும், கரையானை வரவழைக்கும். கோழி எரு இன்னும் கடுமை. இதைவிடப் பெரிய ஆபத்து தென்னைக்கு இருக்கிறது. வீட்டுப் பின்னால் பல மாதம் கிளறாமல் கிடக்கும் குப்பைக் குழியை மண்வெட்டியால் புரட்டிப் பாருங்கள். கட்டை விரல் பருமனில், பால் வெள்ளையாக, தலை மட்டும் செம்பழுப்பாக, அரை வட்டமாகச் சுருண்ட புழு கிடக்கும். காண்டாமிருக வண்டின் புழு அது. வளர்ந்து வண்டாகி உங்கள் தென்னையின் குருத்தைத் துளைக்கும். விரியும் மட்டையில் கத்தரியால் வெட்டியது போல் முக்கோண வெட்டு தெரிந்தால் வண்டு மரத்தில் ஏறிவிட்டது என்று அர்த்தம். மாதம் ஒரு முறை குழியைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்கிக் கோழிக்குப் போட்டுவிடுங்கள். வேளாண்மைத் துறையினர் சொல்லும் மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சையைக் குழியில் கலந்து விட்டாலும் புழுவைக் கொல்லும். எரு தயாரா என்பதற்குக் கையே அளவுகோல். அள்ளிப் பிடித்தால் சூடு இருக்கக் கூடாது, சாண வாடை இருக்கக் கூடாது, உதிர்ந்து விழ வேண்டும்.

பூசணி, சுரை போட்டவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்கும் கேள்வி, "பூவாப் பூக்குது, ஒண்ணு கூடப் பிஞ்சு பிடிக்கலையே?" என்பது. முதல் ஒன்றிரண்டு வாரம் வருவது பெரும்பாலும் ஆண் பூ, அது உதிரத்தான் செய்யும். பெண் பூவின் அடியில் குட்டிக் காய் ஒன்று பிறக்கும்போதே ஒட்டியிருக்கும், பார்த்தாலே தெரியும். அதுவும் மஞ்சளாகிச் சுருங்கி விழுந்தால்தான் மகரந்தம் சேரவில்லை என்று பொருள். பூசணிப் பூ விடியற்காலையில் விரிந்து வெயில் ஏறும் முன் மூடிக்கொள்ளும். சுரையும் பீர்க்கும் சாயங்காலம் விரியும். அதனால் பூசணிக்குக் காலை ஆறு ஏழு மணிக்கும், சுரைக்கு விளக்கு வைக்கும் நேரத்திலும் ஒரு ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, நடுவில் உள்ள மஞ்சள் தூளைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவிவிடுங்கள். நான்கைந்து நாளில் காய் பருக்கத் தொடங்கும். தேனீ வரும் தோட்டத்துக்கு இது தேவையே படாது. தேனீ ஏன் வரவில்லை என்று யோசித்தால், காலையில் மருந்து அடிக்கும் பழக்கம் காரணமாக இருக்கலாம். வேப்பங்கொட்டைக் கரைசலாக இருந்தாலும் வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள். அரைக் கிலோ வேப்பம்பருப்பை இடித்து, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, வடிகட்டிப் பத்து லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்புக் கரைத்துச் சேர்த்தால்தான் இலையில் ஒட்டும். மண்டையைப் பிளக்கும் வெயிலில் எதை அடித்தாலும் இலை கருகும்.

விதை விஷயத்தில் ஒன்றுதான். வீரிய ஒட்டு ரகத்தில் எடுத்த விதை தாய்ச்செடி போல் வராது. அடுத்த வருஷத்துக்கும் விதை வேண்டும் என்றால் நாட்டு ரகத்தைத் தேடுங்கள். கடைசியாக மிஞ்சிய சொத்தைக் காயை விதைக்கு விடாமல், நன்றாகக் காய்த்த செடியின் நடுப்பருவக் காயை நூல் கட்டி அடையாளம் வைத்து விடுங்கள். நாட்டு விதை பெரும்பாலும் கடையில் இருக்காது, யாரோ ஒருவர் வீட்டு உறியிலோ பானையிலோ இருக்கும். திருவாரூர் மாவட்டம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் பாரம்பரிய நெல்லைப் பரப்பியது இப்படித்தான். இரண்டு கிலோ விதை நெல் கொடுப்பார், அடுத்த அறுவடையில் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். 2018இல் அவர் மறைந்த பிறகும் அந்த ரகங்கள் வயலில் இருக்கின்றன என்றால் கைமாறிக்கொண்டே இருந்ததுதான் காரணம்.

இங்கிருந்து பக்கத்து வயலுக்கு வருகிறேன். அரிசி, பருப்பு, எண்ணெய் மூன்றையும் கொல்லையில் விளைவிக்கப் பார்ப்பது வீண் முயற்சி. இடம் போதாது, உழைப்பு போதாது. கீரையும் காயும் கொல்லைக்கு, நெல்லும் துவரையும் கடலையும் ஊரில் பயிர் செய்கிறவருக்கு. இப்படிப் பிரித்துக்கொண்டால் இரண்டு பக்கமும் நிற்கும். ஆனால் வாங்குகிறவர்கள் இங்கேயும் சில தவறு செய்கிறோம்.

அறுப்பு முடிந்த பிறகு போய் "எங்களுக்கு ரெண்டு மூட்டை வேணும்" என்று கேட்பது பெரிய தவறு. அதற்குள் அந்த நெல் வியாபாரிக்கு என்று ஆகியிருக்கும், பல நேரம் முன்பணமே வாங்கியிருப்பார். விதைக்கும் முன் சொல்லுங்கள். முடிந்தால் கொஞ்சம் முன்பணம் கொடுங்கள். நாற்று நடும் நாளில் கையில் வரும் ஆயிரம் ரூபாய், அறுப்புக்குப் பிறகு வரும் ஆயிரத்தை விடப் பெரியது. நெல்லாக வாங்கும்போது கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். நூறு கிலோ நெல் அரைத்தால் சுமார் அறுபத்தைந்து கிலோ அரிசி நிற்கும், அரவைக் கூலி தனி. இது தெரியாமல் நெல் விலையையும் கடை அரிசி விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஏமாற்றம் அடைகிறார்கள். புது நெல்லை உடனே அரைத்தால் சாதம் குழையும். சில மாதம் வைத்து அரையுங்கள்.

விலை. மண்டியில் என்ன போகிறதோ அதையே தருகிறேன் என்பது நியாயம் போலத் தோன்றும். ஆனால் மண்டியில் கமிஷன், சுமை கூலி, வண்டி வாடகை எல்லாம் போக அவர் கைக்கு வருவது வேறு தொகை. கடை விலையைக் கேட்க அவருக்கும் கூச்சம் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு விலைதான் சரி. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தபோது எடுத்துக்கொண்ட வழியும் அதுதான். மொத்த விலைக்கு மேலே, சில்லறை விலைக்குக் கீழே, தினமும் காலையில் பலகையில் எழுதிப் போடும் விலை. பக்கத்து உழவர் சந்தைப் பலகை விலையை இருவரும் ஒப்புக்கொண்டால் பேரமே வேண்டாம். மருந்தடிக்காத காய் வேண்டும் என்று கேட்டுவிட்டு, புழு துளைத்த ஒரு கத்தரிக்காயைக் காட்டிக் கூடையைத் தள்ளிவிடுவதையும் விட்டுவிடுவோம். ஓட்டை விழுந்த பகுதியை வெட்டி எறிந்தால் மீதி நல்ல காய்.

கடலை வாங்கும்போது மட்டும் கறாராக இருங்கள். பிடுங்கி ஆய்ந்த காயைக் காதருகே வைத்துக் குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஒலிக்க வேண்டும். ஈரத்தோடு மூட்டை கட்டிய கடலையில் பூஞ்சை பிடிக்கும், அந்தப் பூஞ்சை தரும் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். செக்கில் ஆட்டினாலும் சரி, வறுத்தாலும் சரி, அந்த நஞ்சை நம்பிக்கையாகப் போக்க முடியாது. செக்குக்குக் கொண்டு போகும் முன் சுருங்கியதையும் கறுத்ததையும் பொறுக்கி எடுத்துவிடுங்கள். துவரைக்கு வண்டு பயம். எங்கள் தெருவில் ஒரு அத்தாச்சி செம்மண்ணைக் குழம்பாகக் கரைத்து, துவரையை அதில் புரட்டி, ஒரு இரவு மூடி வைத்து, மறுநாளிலிருந்து களத்தில் மொறுமொறுவென்று காய வைப்பார். மண் கட்டிய துவரை என்று அதற்குப் பெயர். விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் அதையே வாங்குங்கள், வருஷம் முழுக்க வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, நல்ல மனசோடு செய்கிற தவறு. கொல்லையில் சுரைக்காய் மிஞ்சினால் வாரச் சந்தைக்கு எடுத்துப் போய் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வருவது. நமக்கு அது மிச்சம். அதே சந்தையில் சாக்கை விரித்துப் பத்துக் காய் வைத்திருக்கும் அம்மாவுக்கு அன்றைய வருமானமே அதுதான். நம் விலையைக் காட்டி அவரிடமும் குறைத்துக் கேட்பார்கள். மிஞ்சியதை அக்கம்பக்கம் கொடுங்கள், அங்கன்வாடியில் கொடுங்கள், கோயில் அன்னதானத்துக்குக் கொடுங்கள். கொத்தவரையும் கத்தரியும் மிஞ்சினால் வற்றல் போடுங்கள். தக்காளி விலை விழுந்து வயலிலேயே பறிக்காமல் விடும் வாரத்தில், கடைக்குப் போகாமல் அந்த வயலுக்கே போய் இருபது கிலோ வாங்கித் தொக்குக் கிளறி வையுங்கள்.

ஆனி பிறந்ததும் நான் செய்வது இரண்டு வேலை. பந்தல் கால்களை ஆட்டிப் பார்த்து உளுத்ததை மாற்றுவேன். அப்புறம் மேலத்தெருவுக்குப் போய், இந்த வருஷம் என்ன போடுகிறீர்கள், எங்களுக்கு எத்தனை மூட்டை ஒதுக்க முடியும் என்று கேட்டுவிட்டு, வரும்போது அத்தாச்சியிடம் ஒரு கைப்பிடி அவரை விதை வாங்கி வருவேன்.