வேதாகம மென்பொருளில் வசனக் குறிப்பைத் துல்லியமாகத் தேடும் முறை

ஒரு வசனத்தை விரித்துரைக்க ஆயத்தமாகிறவர், தம்மிடமுள்ள விளக்கவுரைகளும் பிரசங்கக் குறிப்புகளும் அதைப் பற்றி என்ன சொல்கின்றன என்று முதலில் தேடுவார். தேடல் கட்டத்தில் "யோவான் 3:1" என்று இட்டால், அதை வெறும் எழுத்துக் கோவையாகக் காணும் மென்பொருள் 3:10 முதல் 3:19 வரையுள்ள குறிப்புகளையும், 1 யோவான் 3:1 என்னும் நிருப வசனத்தையும் சேர்த்தே கொண்டுவரும். நிக்கொதேமுவின் உரையாடலை முழுமையாக விளக்கும் "யோவான் 2:23-3:21" என்ற பகுதியோ அகப்படாமல் போகும். வேண்டாதவை வருவதைவிட, வேண்டியது தப்பிப்போவதே பெரிய இழப்பு. அது தப்பியதை நாம் அறியவும் மாட்டோம்.

ஆகவே, மென்பொருள் வசனக் குறிப்பை எழுத்தாகப் பார்க்கிறதா, இடமாகப் பார்க்கிறதா என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். லோகோஸ் போன்ற மென்பொருளில், நூல்களிலுள்ள குறிப்புகள் பெரும்பாலும் இன்ன புத்தகம், இன்ன அதிகாரம், இன்ன வசனம் என்று முன்பே அடையாளமிடப்பட்டிருக்கும். கோண அடைப்புக்குள் (< >) வசனத்தை எழுதினால் அந்த அடையாளமே தேடப்படும். அடைப்பின் தொடக்கத்தில் சமக்குறியை (=) இட்டால் அதே வசனத்தை மட்டும் சுட்டும் குறிப்புகள் வரும்; அலைக்குறியை (~) இட்டால் அந்த வசனத்தைத் தன்னுள் கொண்ட நீண்ட பகுதிகளும் வரும். முதலில் சமக்குறியோடு தேடி, அந்த வசனத்தையே குறிவைத்து எழுதியவர்களை வாசித்து முடித்தபின், அலைக்குறியால் வட்டத்தை விரிப்பதே நல்லது என்பது என் கருத்து. விரிந்த தேடலில் அதிகாரம் முழுவதையும் சுட்டும் குறிப்புகள் பெருகுமாதலால், ஒத்தவாக்கியப் பட்டியல்களை விலக்கி, விளக்கவுரைகளுக்குள் மட்டும் தேடும்படி எல்லையைக் குறுக்கிக்கொள்ளுங்கள்.

நாமே தட்டச்சு செய்த தமிழ்க் குறிப்புகளிலும் பிடிஎப் கோப்புகளிலும் பெரும்பாலும் அத்தகைய அடையாளம் இராது. அங்கே எழுத்துத் தேடலே துணை. அதற்குப் பொறுமையும் வேண்டும். ஒரே வசனத்தை ஒருவர் "யோவான் 3:16" என்பார், மற்றொருவர் "யோவா. 3.16" என்பார், இன்னொருவர் "யோவான் 3ஆம் அதிகாரம் 16ஆம் வசனம்" என்று விரித்தெழுதுவார். பழைய மொழிபெயர்ப்பைப் பின்பற்றுகிறவர் "ஆதி. 1:1" என்று எழுதும் இடத்தில், 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தைப் பின்பற்றுகிறவர் "தொநூ 1:1" (தொடக்கநூல்) என்று எழுதுவார், யாத்திராகமம் அங்கே விடுதலைப் பயணம், சுருக்கமாக "விப". இவ்வடிவங்களை "அல்லது" என்னும் இணைப்பால் கோத்து ஒரே தேடலாக்கிச் சேமித்துவைத்தால், அடுத்த முறை எண்களை மட்டும் மாற்றினால் போதும். ஓர் அதிகாரத்தை விளக்கும்போது ஆசிரியர் "வ. 16" என்று மட்டும் எழுதிச் செல்லும் இடங்களை இந்த வழியிலும் பிடிக்க முடியாது, அந்த அதிகாரத்தின் உரையைத் திறந்து வாசிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சங்கீதங்களில் கூடுதல் கவனம் தேவை. "தேவனே, சுத்த இருதயத்தை என்னிலே சிருஷ்டியும்" என்ற வேண்டுதல் நம் வேதாகமத்தில் 51:10. எபிரெய மூலத்தில் தலைப்பும் இரண்டு வசனங்களாக எண்ணப்படுவதால் அதுவே 51:12 ஆகிறது. கிரேக்க, லத்தீன் மரபில் சங்கீத எண்ணும் குறைந்து 50:12 ஆகிறது. எபிரெய உரைவிளக்கத்தையோ பழைய கத்தோலிக்க நூலையோ தேடும்போது, மென்பொருள் எண்களைத் தானே பொருத்துகிறதா என்று இந்த ஒரு வசனத்தைக் கொண்டே சோதித்துவிடலாம். பொருத்தவில்லையெனில் மூன்று எண்களையும் தனித்தனியே தேட வேண்டும்.