நீங்கள் ஏறும் ரயில் யாருடையது? கண்டுபிடிக்கவும் கேள்வி கேட்கவும் ஒரு வழிகாட்டி

2025 மே 25 அன்று, லண்டனிலிருந்து தென்மேற்குப் பக்கம் ரயில் ஓட்டும் சவுத் வெஸ்டர்ன் ரயில்வே நிறுவனம் பிரித்தானிய அரசின் கைக்கு வந்தது. 2024 நவம்பர் 28இல் அரச ஒப்புதல் பெற்ற பொது உடைமைச் சட்டத்தின்படி முதலில் வந்தது அதுதான். ஜூலையில் சீ-டூ-சீ, ஒக்டோபரில் கிரேட்டர் ஆங்கிலியா என்று மற்ற ரயில் நிறுவனங்களின் வரிசை தொடர்ந்தது. தென்மேற்கு லண்டனின் நியூ மோல்டன், ரேய்ன்ஸ் பார்க், விம்பிள்டன் பக்கம் இருக்கிற நம்மவர்கள் பலர் நாள் தவறாமல் போய்வருவது இந்தத் தடத்தில். அவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது: “அரசாங்கம் எடுத்துவிட்டது என்றார்களே, பிறகும் ஏன் அதே பழைய பெட்டி, அதே நெரிசல்?”

அரசாங்கம் எடுத்தது ரயிலை ஓட்டுகிற நிறுவனத்தை. வண்டி இன்னமும் தனியாருடையது. அதற்கு வாடகை போகிறது. ஊரில், இலங்கையில், தண்டவாளம், நிலையம், கோச்சி (ரயில்வண்டி) எல்லாமே ஒரே திணைக்களத்தின் சொத்து. அந்த நினைப்போடு இங்கே பார்த்தால் குழப்பம் வரத்தான் செய்யும். நான் ரயில்வே ஆள் இல்லை. கணக்காளர், குத்தகை ஒப்பந்தங்களைப் படிப்பது என் தொழில். அந்தக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டதை, நீங்களும் செய்து பார்க்கும்படி எழுதுகிறேன்.

வண்டியின் எண்ணைப் படியுங்கள்

பெட்டியின் பக்கவாட்டில் இருக்கிற நிறத்தையும் பெயரையும் விட்டுவிடுங்கள். அது ஓட்டுபவரின் பெயர். வண்டி மேடைக்குள் வரும்போது முகப்பைப் பாருங்கள். ஆறு இலக்க எண் இருக்கும். முதல் மூன்று இலக்கம் வகை, மீதி மூன்று அந்த வண்டிக்கே உரியது. 450 என்று தொடங்கினால் சீமென்ஸ் செய்த நான்கு பெட்டி வண்டி. 444 அதன் உடன்பிறப்பு, ஐந்து பெட்டி, தூரப் பயணத்துக்கு. 701 என்றால் ஆர்டேரியோ என்று விளம்பரப்படுத்தப்பட்ட புதியது. அதில் நான்காம் இலக்கம் 0 என்றால் பத்துப் பெட்டி, 5 என்றால் ஐந்து பெட்டி. காலையில் மேடையில் எங்கே நிற்பது என்று முடிவுசெய்ய இது ஒன்றே போதும்.

நம் தடத்தின் பழைய வண்டியான 455 மட்டும் முகப்பில் நான்கு இலக்கம்தான் காட்டும்: 57, 58, 59 என்று தொடங்கும். 57இல் தொடங்குவது வந்தால் பெட்டிகளின் உருவத்தைக் கவனியுங்கள். நான்கில் ஒன்று மற்ற மூன்றோடு சரியாகப் பொருந்தாது. அது 508 என்ற இன்னொரு வகையிலிருந்து கழற்றிச் சேர்த்த பெட்டி. 455கள் ஒவ்வொன்றாக விலகிக்கொண்டிருக்கின்றன, கண்ணில் படும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலிருந்தே பார்க்க வேண்டுமானால் ரியல்டைம் டிரெயின்ஸ் தளத்தில் பல சேவைகளுக்கு அன்றன்றைய வண்டி எண்ணும் பெட்டி எண்ணிக்கையும் வரும்.

வகை தெரிந்தால் உரிமையாளர் தெரியும்

வண்டிகளை வைத்திருந்து வாடகைக்கு விடுவது குத்தகை நிறுவனங்கள். 444, 450 இரண்டும் அப்படிப்பட்ட ஏஞ்சல் டிரெயின்ஸ் நிறுவனத்துடையவை. 455 போர்ட்டர்புரூக்குடையது. 701 ரொக் ரெயிலுடையது. மற்றத் தடங்களில் இருப்போருக்கு: சீ-டூ-சீயின் 357களை போர்ட்டர்புரூக்கும் ஏஞ்சலும் பங்கிட்டு வைத்திருக்கின்றன, கிரேட்டர் ஆங்கிலியாவின் 720கள் ஏஞ்சலுடையவை, 745உம் 755உம் ரொக் ரெயிலுடையவை. எல்லாம் அரசு நிறுவனங்கள் ஓட்டுகிற வண்டிகள். ஒன்றுகூட அரசுடையது இல்லை.

இது எப்படி வந்தது என்பதை ஒரு 455ஐ வைத்தே சொல்லலாம். 1980களின் முற்பகுதியில் அதைக் கட்டியது யோர்க் நகரிலிருந்த தொழிற்சாலை. அது அன்றைய அரசு ரயில்வேயான பிரிட்டிஷ் ரெயிலின் சொந்தத் தொழிற்சாலை, அதாவது மக்கள் பணம். 1993 சட்டம் ரயில்வேயைத் துண்டு போட்டபோது வண்டிகள் முழுவதும் ஏஞ்சல், எவர்ஷோல்ட், போர்ட்டர்புரூக் என்ற மூன்று குத்தகை நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. 1996க்குள் மூன்றும் விற்பனையாகிவிட்டன. போர்ட்டர்புரூக்கை அதன் மேலாளர்கள் 527 மில்லியன் பவுணுக்கு வாங்கினார்கள்; அதே ஆண்டு ஸ்டேஜ்கோச் என்ற போக்குவரத்து நிறுவனத்துக்கு 825 மில்லியனுக்கு விற்றார்கள். ஆக, அரசு கட்டிய வண்டியை அரசு விற்றது. 2025இல் அதே வண்டியை அரசு வாடகைக்கு எடுத்து ஓட்டியது. ஒரு கணக்காளராக எனக்கு இதில் வயிறு எரிகிறது.

ஏன் புதிய வண்டி வந்து சேர இவ்வளவு காலம்

2014இல் நம் தடத்துக்கென்று 707 வகையில் ஐந்து பெட்டி வண்டிகள் முப்பது ஓர்டர் செய்யப்பட்டன. 2017 ஓகஸ்டில் அவை ஓடத் தொடங்கின. அதே மாதம் தடத்தை ஓட்டும் உரிமை புதிய கம்பனிக்குப் போனது. குத்தகை விலை கூட என்று சொல்லி, புத்தம்புது வண்டிகளைத் திருப்பி அனுப்ப அவர்கள் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்கள். 2021இலிருந்து அவை சவுத்ஈஸ்டர்ன் தடத்துக்குப் போயின. அவற்றுக்கு மாற்றாகவும் பழையவற்றுக்கு மாற்றாகவும் 2017இலேயே டார்பி நகரிலுள்ள தொழிற்சாலைக்கு 90 வண்டிகளுக்கு ஓர்டர் போனது. அவைதான் 701கள். 2019இல் ஓடத் தொடங்கியிருக்க வேண்டியவை. மென்பொருள் கோளாறு, ஓட்டுநர் அறை அமைப்பு பற்றிய இழுபறி, ஓட்டுநர் பயிற்சி என்று இழுத்து, முதல் பயணி ஏறியது 2024 ஜனவரியில். அரசு பொறுப்பேற்ற நாளில் ஓட்டத்தில் இருந்தவை மிகச் சில. மற்றவை பக்கத் தடங்களில் நின்றன.

நெரிசலின் காரணம் இங்கேதான் இருக்கிறது. இரண்டு 455 சேர்ந்தால் எட்டுப் பெட்டி. 701 ஒன்றே பத்துப் பெட்டி. அந்த இரண்டு பெட்டி பல ஆண்டுகள் தாமதமாகின. வண்டியைத் தேர்ந்தவர் ஒருவர், பணம் போட்டவர் இன்னொருவர், ஓட்டுபவர் வேறொருவர் என்று இருக்கும்போது தாமதத்துக்கு யாரும் முழுப் பொறுப்பு ஏற்க வேண்டியதில்லை.

வேறு வழி இல்லையா என்றால், லிவர்பூலைப் பாருங்கள். அங்கே மெர்சிரெயிலை ஓட்டுவது தனியார். ஆனால் 777 வகை வண்டிகளை அந்த நகர்ப்பகுதி ஆட்சிமன்றமே நேரடியாக வாங்கிச் சொந்தமாக வைத்திருக்கிறது. நம் நிலைமைக்கு நேர்மாறு. வட அயர்லாந்தில் ஓட்டுவதும் வண்டியும் இரண்டுமே பொது. லண்டனின் எலிசபெத் லைன் எதிர்த்திசையில் போனது: சொந்தமாக இருந்த 345 வகை வண்டிகளை 2019இல் சுமார் ஒரு பில்லியன் பவுணுக்கு விற்றுவிட்டு, திரும்ப வாடகைக்கு எடுத்தது. கையில் ரொக்கம் வந்தது, வாடகை இருபது ஆண்டுக்கு.

மொத்தமாக வாங்கினால் அரசின் கடன் கணக்கு ஏறும் என்பது அரசாங்கத்தின் வாதம். இருக்கிற ஒப்பந்தங்களை உடைக்கத் தேவையில்லை என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அரசைவிடக் குறைந்த வட்டிக்கு எந்தத் தனியாரும் கடன் வாங்க முடியாது. புதிதாக வாங்குவதையாவது நேரடியாக வாங்க வேண்டும்.

இனிக் கேள்வி கேட்பது

பொது உடைமையால் நமக்கு உடனே கிடைத்த லாபம் ஒன்று உண்டு, பலருக்குத் தெரியாது. அரசுக்கு முழுதும் சொந்தமான நிறுவனம் என்பதால் சவுத் வெஸ்டர்ன் இப்போது, பொது அமைப்புகளிடம் தகவல் கேட்கும் உரிமையை எவருக்கும் தரும் 2000ஆம் ஆண்டின் தகவல் சுதந்திரச் சட்டத்துக்குள் வருகிறது. தனியார் கையில் இருந்தபோது இந்தக் கதவு கிடையாது.

நிறுவனத்தின் இணையதளத்தில் அதற்கான முகவரி இருக்கும். உங்கள் பெயர், பதில் வர ஒரு மின்னஞ்சல், கேள்வி இவை போதும். ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டாம். குடியுரிமையும் விசாவும் இதற்குத் தேவையில்லை; யாழ்ப்பாணத்திலிருந்துகூடக் கேட்கலாம். கட்டணம் இல்லை. 20 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும்.

கேள்வியைச் சிறிதாக வெட்டுங்கள். “ஏன் நெரிசல்?” என்று கேட்டால் ஒரு பக்க விளம்பர உரை வரும். இப்படிக் கேளுங்கள்: இன்ன மாதத்தில், இன்ன நிலையத்தில் காலை 7 முதல் 9 வரை நிற்க வேண்டிய சேவைகளில் திட்டமிட்டதைவிடக் குறைந்த பெட்டியோடு வந்தவை எத்தனை? இன்ன தேதியில் பயணிகளுக்கு ஓடிய 701கள் எத்தனை? ஒவ்வொரு வகை வண்டியின் குத்தகையும் எப்போது முடிகிறது?

தேடி எடுக்க 18 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று காட்டினால் மறுக்கலாம். அதனால் ஒரு மாதம், ஒரு நிலையம் போதும். ஒரு வண்டிக்கு எவ்வளவு வாடகை என்று கேட்டால் வணிக ரகசியம் என்ற 43ஆம் பிரிவைக் காட்டுவார்கள். ஆண்டின் மொத்த வாடகையைக் கேளுங்கள். அதற்கும் முன், நிறுவனங்களின் அரசுப் பதிவகமான கம்பனிஸ் ஹவுஸ் தளத்தில் ஆண்டுக் கணக்குகளை இலவசமாக இறக்கி, குத்தகைப் பொறுப்புகள் பற்றிய குறிப்பைத் தேடுங்கள். குத்தகை நிறுவனங்களின் கணக்கும் அதே தளத்தில் இருக்கும். பங்குதாரருக்குப் போன தொகையை அதில் ஒரு முறை பாருங்கள்.

மறுப்பு வந்தால் உள் மறுபரிசீலனை கேளுங்கள். அதிலும் திருப்தி இல்லையென்றால் தகவல் ஆணையர் அலுவலகம் இருக்கிறது, அங்கும் செலவில்லை.

மேடையில் நிற்கும் ஊழியரிடம் சத்தம் போடாதீர்கள். எந்த வண்டி வரும் என்பதை அவர் தீர்மானிப்பதில்லை. டிலே ரீபே என்ற இழப்பீடு 15 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமானால்தான். நின்றுகொண்டு போனதற்கு அதில் எதுவும் கிடைக்காது.

உங்கள் தொகுதி எம்பிக்கும் எழுதுங்கள். வீட்டு முகவரியும் அஞ்சல் குறியீடும் போடாவிட்டால் தங்கள் தொகுதி ஆள்தானா என்று தெரியாமல் ஒதுக்கிவிடுவார்கள். 450கள் 2000களின் முதல் பாதியில் வரத் தொடங்கியவை. அடுத்த பத்தாண்டில் அவற்றுக்கு மாற்று ஓர்டர் செய்தாக வேண்டும், அந்த முடிவுக்கான பேச்சு அதற்குப் பல ஆண்டு முன்பே தொடங்கிவிடும். ஆகவே கடிதத்தில் ஒரே கேள்வி போதும்: அந்த வண்டிகள் யார் பெயரில் வாங்கப்படும்?