பெர்மிட்டை வாங்கியதும் அங்கேயே நின்று படியுங்கள்

போன லீவில் குளச்சலுக்கு வந்திருந்தபோது எங்கள் தெருப் பையன் ஒருவன் போனை நீட்டினான். "அண்ணே, கனடா விசா வந்தாச்சு. ஏஜெண்டு மிச்ச காசைக் கேக்காரு." பார்த்தால் எல்.எம்.ஐ.ஏ. கடிதத்தின் முதல் பக்கம். "மக்கா, இது விசா இல்ல. முதலாளிக்குக் கிடைச்ச அனுமதி" என்றேன். படத்தை விரித்து விரித்துத் தேடினான். அவன் பேர் அதில் எங்கேயும் இல்லை.

கல்ஃபுக்குப் போய்ப் பழகிய நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் குழப்பம் வரத்தான் செய்யும். அங்கே விசாவை முதலாளியே எடுத்து அனுப்புவார். கனடாவில் முதலாளிக்கான அனுமதி வேறு, நமக்கான அனுமதி வேறு. உள்ளூரில் விளம்பரம் கொடுத்தும் ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளி அரசிடம் காட்டி வாங்குவது எல்.எம்.ஐ.ஏ. அதை வைத்து நாம் விண்ணப்பித்து வாங்குவதுதான் ஒர்க் பெர்மிட்.

காசும் அப்படியே பிரிகிறது. எல்.எம்.ஐ.ஏ.வுக்கு ஒரு வேலைக்கு 1,000 கனடா டாலர். பண்ணை வேலை போன்ற சிலவற்றுக்கு அதுவும் கிடையாது. முதலாளிதான் கட்ட வேண்டும், சம்பளத்தில் பிடிக்கவும் கூடாது. நம் பங்கு பெர்மிட்டுக்கு 155 டாலர், கைரேகைக்கு 85. இதற்கு மேல் "எல்.எம்.ஐ.ஏ. காசு" என்று லட்சங்களில் கேட்டால், விற்கக்கூடாததை விற்கிறார்கள் என்று அர்த்தம்.

கிளம்புமுன் பாஸ்போர்ட்டின் கடைசித் தேதியைப் பாருங்கள். அதைத் தாண்டி பெர்மிட் தரமாட்டார்கள். ஆறு மாதத்தில் முடிகிற பாஸ்போர்ட்டோடு போய் இறங்கினால் ஆறு மாத பெர்மிட்தான்.

பாஸ்போர்ட்டில் ஒட்டியிருப்பது உள்ளே நுழைய மட்டும். பெர்மிட் என்பது விமான நிலையத்தில் அதிகாரி அச்சடித்துத் தரும் தனித்தாள். பத்திரமாக மடித்துப் பையில் வைக்க அவசரப்படாதீர்கள். முதலாளி பேர், வேலை, இடம், முடியும் தேதி, நாலையும் அந்த மேசை முன்னாலேயே படியுங்கள். தப்பு இருந்தால் அப்போதே சொன்னால் திருத்திவிடுவார்கள். வெளியே வந்த பிறகு என்றால் மாதக்கணக்கில் அலைச்சல். பின்னால் நிற்பவர் முறைத்தால் முறைக்கட்டும்.

அப்புறம் சர்வீஸ் கனடா என்ற அரசு அலுவலகத்தில் சின் நம்பர், அதாவது அங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்கத் தேவைப்படும் அடையாள எண், வாங்க வேண்டும். காசு கிடையாது. நமக்கெல்லாம் 9-இல் தொடங்கும்.

பெர்மிட்டில் ஒரு முதலாளி பேர் இருந்தால் அவரிடம் மட்டும்தான் வேலை. "ஞாயிற்றுக்கிழமை நம்ம கடையில கொஞ்சம் நில்லு தம்பி, கையில தாறேன்" என்று நம்மவரே கூப்பிடுவார். பாசமாகத்தான் கூப்பிடுவார். மாட்டினால் பெர்மிட் போவது உங்களுக்கு.

ஒப்பந்தத்தின் நகலை வேலைக்குச் சேரும் நாளுக்குள் முதலாளி தந்தாக வேண்டும். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை. "ஊருக்கு அனுப்பிடுவேன்" என்பது வெறும் மிரட்டல், அந்த அதிகாரம் அவரிடம் இல்லை. சம்பளத்தை அமுக்குகிறார், அடிக்கிறார் என்றால், கொடுமைக்கு ஆளான தொழிலாளருக்கென்று 2019 முதல் ஒரு திறந்த பெர்மிட், அதாவது ஒரே முதலாளியோடு கட்டிப்போடாத பெர்மிட், உண்டு. அதற்கும் கட்டணம் இல்லை. சம்பளச் சீட்டு, வாட்ஸ்அப் மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள்.

நீட்டிப்புக்குத் தேதி முடியும் முன்பே விண்ணப்பித்துவிட்டால், பதில் வரும்வரை அதே வேலையைத் தொடரலாம். ஆனால் முதலாளி புதிதாக எல்.எம்.ஐ.ஏ. எடுக்க வேண்டியிருக்கும், அதற்கு நாளாகும். நாலைந்து மாதம் முன்பே வாய் திறந்து கேளுங்கள். மீன் ஆலை என்றால் சீசன் உச்சத்தில் கேட்டால் யார் காதிலும் விழாது. வரத்து குறைந்த நாளாகப் பார்த்துப் போங்கள்.