காலியா ஒரு இடம் கெடச்சா உடனே வண்டிய சொருகிடாதீங்க

புதுசா கார் ஓட்ட ஆரம்பிச்சவங்களுக்கு ஓட்டுறத விட நிறுத்துறதுதான் பெரிய தலைவலி. நெரிசலான தெரு, ரெண்டு பக்கமும் வண்டி நெருக்கி நிக்குது, நாலாவது ரவுண்டு வர்றீங்க, திடீர்னு நடுவுல ஒரு கார் அளவுக்கு அழகா காலி இடம். சந்தோஷப்படாதீங்க, சந்தேகப்படுங்க. இத்தன பேர் அலையுற தெருவுல அது மட்டும் ஏன் காலியா கெடக்கு? எனக்கு அப்படி ஒன்னு கெடச்சு, விட்டுட்டு போயி முக்கா மணி நேரத்துல வந்தா வண்டிய காணோம், தூக்கிட்டு போயிட்டாங்க. நோ பார்க்கிங் போர்டு மரக்கிளைக்குள்ள இருந்துச்சு, பிளாட்பாரத்துல ஏறி அண்ணாந்து பாத்தாதான் தெரியும்.

1. கிளம்புறதுக்கு முன்னாடி

மேப்ப தொறந்து போற இடத்த சுத்தி அஞ்சு பத்து நிமிஷம் நடக்குற தூரத்துல ரெண்டு மூணு தெருவ குறிச்சு வைங்க. வாசல்லயே நிறுத்தணும்னு நெனச்சாதான் இந்த சுத்தல் எல்லாம். ஸ்ட்ரீட் வியூல போர்டு கூட தெரியும், ஆனா அது பழைய போட்டோவா இருக்கலாம், அத மட்டும் நம்பி இறங்காதீங்க.

2. எந்த தெருவுல தேடுறது

மணிக்கணக்குக்கு காசு கட்டுற தெருவுல வண்டி மாறிட்டே இருக்கும், அங்க இடம் சீக்கிரம் கெடைக்கும். காசு போட்டு நிறுத்துற பார்க்கிங் மீட்டர் வந்ததே அதுக்குத்தான், 1935ல அமெரிக்காவுல ஓக்லஹோமா சிட்டியில மொத மீட்டர வச்சப்ப, அங்க வேலை பாக்குறவங்க காலையில விட்ட வண்டிய சாயங்காலம் வரை எடுக்காம கடைக்கு வர்றவங்களுக்கு இடமே இல்லாம போனதுதான் காரணம். இலவச தெருன்னா நாள் பூரா அதே வண்டிதான் நிக்கும். அந்த ஏரியாக்காரங்களுக்கு மட்டும்னு பெர்மிட் போட்ட தெருன்னா உள்ளயே போகாதீங்க.

3. போர்ட படிக்கிறது

இதுலதான் முக்காவாசி பேர் மாட்டுறாங்க. பல நாடுகள்ல நீல வட்டம், சிவப்பு விளிம்பு, குறுக்க ஒரே ஒரு சிவப்பு கோடுன்னா பார்க் பண்ணக்கூடாது, ஆள இறக்கிட்டு கிளம்பிடலாம். ரெண்டு கோடு பெருக்கல் குறி மாதிரி இருந்தா நிறுத்தவே கூடாது, ஒரு நிமிஷம்னாலும் தப்புதான். அமெரிக்கா பக்கம் பி எழுத்து மேல சிவப்பு கோடு இருக்கும். போர்டுல அம்புக்குறி இருந்தா அது காட்டுற பக்கத்துக்குத்தான் அந்த ரூல்.

ஒரே கம்பத்துல மூணு போர்டு இருந்தா மேல இருந்து கீழ வரை மூணையும் படிக்கணும். இப்படி வச்சுக்கங்க: மேல "காலை 7 - 9 நிறுத்தக்கூடாது", நடுவுல "9 - 6 கட்டணம், 2 மணி நேரம் மட்டும்", கீழ "செவ்வாய் 11 - 1 தெரு கூட்டும் நேரம்". நீங்க செவ்வாய்க்கிழமை பத்தரைக்கு வர்றீங்க, நடு போர்ட மட்டும் பாத்துட்டு பன்னெண்டரை வரை டைம் இருக்குன்னு காச கட்டிட்டு போயிடுவீங்க. பதினோரு மணிக்கு தெரு கூட்ட வண்டிய எடுத்தாகணும், அதனால உண்மையில உங்களுக்கு இருக்கிறது அரை மணி நேரம்தான், காசு கட்டுன ரசீத காட்டினாலும் செல்லாது. அதே இடத்துல சாயங்காலம் ஆறு மணிக்கு மேல விட்டா காசே இல்ல, ஆனா மறுநாள் காலை ஏழுக்குள்ள எடுத்தாகணும்.

4. தரைய பாருங்க

போர்டே இல்லன்னாலும் சில இடம் ஆகாது. அடுத்தவங்க கேட், ஜீப்ரா கிராஸிங், பஸ் ஸ்டாப், மாற்றுத்திறனாளி இடம், இதெல்லாம் சொல்லவே வேணாம். தெரு முக்குல இருந்து எவ்ளோ தள்ளி நிக்கணும்ங்கிறது ஊருக்கு ஊர் மாறும், ஜெர்மனியில பொதுவா 5 மீட்டர், பிரிட்டன்ல 10 மீட்டர். தீயணைப்பு குழாய் பக்கமும் அப்படித்தான், நியூயார்க்ல 15 அடி, சுமாரா ஒரு கார் நீளம். ஓரக்கல்லுல பெயின்ட் அடிச்சிருந்தா அதுக்கும் ஒரு அர்த்தம் இருக்கு, கலர் ஊருக்கு ஊர் வேற, அத மட்டும் முன்னாடியே தெரிஞ்சு வச்சுக்கங்க.

"முன்னாடி நிக்கிற வண்டிக்கு ஒன்னும் ஆகல, நமக்கும் ஆகாது"ன்னு மட்டும் விடாதீங்க, அந்த வண்டிக்கு பெர்மிட் இருக்கலாம், இல்ல கண்ணாடியில ஏற்கனவே ஃபைன் சீட்டு சொருகி இருக்கலாம்.

5. விட்டுட்டு போறப்ப

கோட்டுக்குள்ள ஓரமா ஒட்டி விட்டுட்டு, கதவ பூட்டுன கையோட தெருவோட அந்த முனைக்கும் இந்த முனைக்கும் ஒரு நடை நடந்து பாருங்க, ரெண்டு நிமிஷம் ஆகும். ரோடு வேலைக்குன்னு மரத்துல கட்டித் தொங்கவிட்ட அட்டை எல்லாம் அப்பதான் கண்ணுல படும். வண்டியும் போர்டும் ஒன்னா தெரியுற மாதிரி ஒரு போட்டோ எடுத்து வைங்க, தப்பா ஃபைன் போட்டா காட்டலாம். அப்புறம் போன்ல அலாரம், டைம் முடியுறதுக்கு பத்து நிமிஷம் முன்னாடி இல்ல, நடந்து வர்ற நேரத்தையும் சேத்து வைங்க.