கோஷியின் வழியில் ஒரு சார்புச் சமன்பாடு: படிப்படியாகத் தீர்ப்போம்

வழக்கமான சமன்பாட்டில் ஓர் எண்ணைத் தேடுவோம். சார்புச் சமன்பாட்டில் தேடுவது ஒரு சார்பையே, அதாவது ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு மதிப்பைத் தரும் விதியையே. 18-ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுக் கணிதவியலாளர் தலம்பேர் அதிரும் கம்பி, விசைகளின் கூட்டல் என்று இயற்பியல் கணக்குகளில் இவற்றைக் கையாண்டார். ஆனால் புதிதாகப் படிப்பவர் தொடங்க வேண்டிய இடம் இன்னொரு பிரெஞ்சுக் கணிதவியலாளரான கோஷி என்பேன். பாரிஸின் எக்கோல் பொலிடெக்னிக் மாணவர்களுக்காக 1821-இல் அவர் வெளியிட்ட பாடநூலில் இந்த வழி இருக்கிறது.

சமன்பாடு இதுதான். ச என்பது நாம் தேடும் சார்பு; ச(க) என்பது க-வுக்கு அது தரும் மதிப்பு. க, ப எந்த மெய்யெண்களாக இருந்தாலும்

ச(க + ப) = ச(க) + ச(ப)

ச(க) = ம × க பொருந்தும் என்பது பார்த்தவுடனே தெரியும் (ம ஒரு மாறிலி). பலர் அதோடு பேனாவை மூடிவிடுகிறார்கள். வேறு விடை கிடையாது என்று காட்டுவதுதான் வேலையே.

படி 1: க, ப இரண்டுக்கும் 0 போடுங்கள். ச(0) = 2 × ச(0); ஆகவே ச(0) = 0. அப்புறம் ப = −க போட்டால் ச(−க) = −ச(க).

படி 2: ப = க போட்டால் ச(2க) = 2 × ச(க). இன்னொரு க கூட்டினால் 3 × ச(க). இப்படியே எந்த இயல் எண்ணுக்கும் போகலாம்.

படி 3: பின்னம். ச(1/3) என்ன என்று நேராகக் கேட்டால் பிடி கிடைக்காது. ஆனால் 1/3-ஐ மூன்று முறை கூட்டினால் 1 வருமே! எனவே 3 × ச(1/3) = ச(1). ச(1)-க்கு ம என்று பெயர் வைத்தால் ச(1/3) = ம/3, ச(2/3) = 2ம/3. எல்லாப் பின்னங்களும் இதே மாதிரி அடங்கிவிடும்.

படி 4: √2 போன்ற விகிதமுறா எண்கள். எத்தனை பின்னங்களைக் கூட்டினாலும் √2 வராது. ஆனால் 1.4, 1.41, 1.414 என்று நெருங்கலாம். அங்கெல்லாம் சார்பின் மதிப்பு 1.4ம, 1.41ம, 1.414ம. ச தொடர்ச்சியான சார்பு, அதாவது எங்கும் திடீரெனத் தாவாத சார்பு என்றால் ச(√2) = ம × √2 ஆகத்தான் வேண்டும்.

தொடர்ச்சி என்ற நிபந்தனை இந்தக் கடைசிப் படியில் மட்டுமே தேவைப்பட்டது, கவனித்தீர்களா? இந்த வழியில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அந்த நிபந்தனையை எடுத்துவிட்டால் வேறு விடைகளும் உண்டு என்று 1905-இல் ஜெர்மன் கணிதவியலாளர் ஹாமெல் காட்டினார். அவற்றின் வரைபடம் கோடாகவே இராது. தளத்தில் எவ்வளவு சிறிய வட்டம் போட்டாலும் அதற்குள் அதன் புள்ளி விழும்.

சரி, இனி நீங்களே ஒன்று செய்து பாருங்கள்: ச(க + ப) = ச(க) × ச(ப). இதுவும் கோஷியின் நூலில் உள்ளதுதான். ஓரிடத்தில் ச 0 ஆனால் எல்லா இடத்திலும் 0 என்று முதலில் காட்டுங்கள். இல்லையென்றால், ச(க) என்பது ச(க/2)-இன் வர்க்கம் என்பதால் அது மிகை எண். பிறகு இரு பக்கமும் மடக்கை எடுங்கள். மேலே தீர்த்த சமன்பாடே திரும்ப வந்து நிற்கும்.